துண்டை வைத்துவிட்டு வண்டியை எடு

முன்பின் தெரியாத ஒருவன் நம் கண் முன்னாலேயே நம்முடைய பொருளின் மேல் ஏறி உட்கார்ந்து, அதை மிதித்துக்கொண்டு போவதை நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருக்கிறீர்களா? வாடகை சைக்கிள் தொழில் என்பது அவ்வளவுதான். ஆட்டைத் திருடினால் அது கத்தியாவது காட்டிக்கொடுக்கும். சைக்கிளோ திருடனோடும் மணி அடித்துக்கொண்டே போகும். கடையில் உட்கார்ந்து தெருமுனையையே பார்த்துக் கழுத்து சுளுக்கிய சகோதரிகளுக்கு நான் சொல்லாமலே புரியும்.

எங்கள் கடை தென்காசியில், குற்றாலம் போகிற சாலையில். என் வீட்டுக்காரர் சாரல் தொடங்கின வாரம் அருவிக்கரைப் பாறையில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார். வைத்தியர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டி, அசையவே கூடாது என்று கடையின் பின்னறையில் கிடத்திவிட்டார். எங்களுக்குச் சீசன்தான் அறுவடை. அதனால் கைக்குழந்தை இசக்கியோடு நான் முன்னால் உட்கார்ந்தேன். அவர் பின்னால் படுத்தபடி, குரலை மட்டும் கேட்டே வருகிறவர்களை எல்லாம் சந்தேகப்பட்டார்.

சேதி கேட்டு அவருடைய அண்ணன் புளியங்குடியிலிருந்து வந்தார். எங்கள் வழக்கத்தில் மூத்தவர் தம்பி பெண்டாட்டியிடம் நேருக்கு நேர் பேசமாட்டார். நானும் அவரிடம் பேசக்கூடாது. எது சொல்வதானாலும் பிள்ளையிடம் சொல்ல வேண்டியதுதான். அவர் விரல் சப்பிக்கொண்டிருந்த இசக்கியைப் பார்த்துச் சொன்னார்: "ஏட்டி இசக்கி, ஒங்கம்மைட்ட சொல்லு. ஒத்த வண்டி காணாமப் போனாலும் கடையைப் பூட்டிட்டு எல்லாரும் புளியங்குடிக்கு வந்துரணும். எலுமிச்சந் தோப்புல வேலை கெடக்கு."

கொடியில் தொங்கிய மானம்

அன்றே ஒரு ஏற்பாடு செய்தேன். எது இல்லாமல் ஒருவர் ஊருக்குள் தலைகாட்ட மாட்டாரோ, அதை வைத்துவிட்டுத்தான் வண்டியை எடுக்கவேண்டும். எங்கள் பக்கத்து ஆண்களுக்கு அது தோள் துண்டு. சட்டை போடாமல் சந்தைக்குப் போவார்கள். துண்டு போடாமல் போகமாட்டார்கள். இரண்டே நாளில் கடைக்கொடி வண்ணாந்துறை மாதிரி ஆகிவிட்டது.

ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. வண்டி எடுத்தவர்கள் பாதிப் பேர் போனதே அருவியில் குளிக்க. உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக் குளித்த ஒரு பெரியவர், துவட்டத் துணியில்லாமல் நடுங்கிக்கொண்டே வந்து வண்டியை நிறுத்தினார். "ஏ தாயி, நாளைக்குக் காய்ச்சல் வந்தா வைத்தியர்ட்ட போக ஒன் வண்டிதான் எடுக்கணும். அதுக்கு எதைக் கழட்டி வைக்க?" என்றார்.

கொழும்பு மணி

கொழும்பில் துணிக்கடை வைத்திருந்த பாய் ஒருவர் வந்தார். நான் அவரைச் சந்தேகப்பட்டதைவிட அவர் என் வண்டியை அதிகம் சந்தேகப்பட்டார். சக்கரத்தைச் சுற்றினார், பிரேக்கைப் பிடித்தார், சங்கிலியை முகர்ந்துகூடப் பார்த்தார். ஈடு கேட்டதும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நீட்டினார். "வாங்காதே! கண்ணு தெரியாமப் பள்ளத்துல கொண்டு விட்ருவாவ!" என்று பின்னறையிலிருந்து சத்தம் வந்தது. கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்துச் செருப்பை வாங்கி வைத்தேன்.

போன வேகத்தில் வண்டியைத் தள்ளிக்கொண்டே திரும்பினார். என்ன அண்ணாச்சி, பஞ்சரா என்றேன். "பஞ்சரும் இல்ல, ஒண்ணும் இல்ல. கொழும்புல மணி அடிச்சா முன்னால போறவன் ஒதுங்குவான். இங்கன மணி அடிச்சா நடுரோட்டுல நின்னு, திரும்பி, யாரு பெத்த பிள்ளைன்னு விசாரிக்கான்!" என்றார்.

ஒன்றும் கேட்காத அம்மா

குளிர்ச்சிக்காகக் குற்றாலத்தில் வந்து தங்கியிருந்த வெள்ளைக்கார நர்ஸம்மா ஒருத்தி, டயர் வெடித்த தன் வண்டியை எங்கள் கடைக்குக் கொண்டுவந்தாள். நடுக்கம்பி இல்லாத பொம்பளை வண்டி. டென்மார்க்கு என்று ஒரு தேசமாம், அங்கேதான் பிறந்தாளாம். வேதப் புஸ்தகத்தை மனப்பாடம் செய்தது மாதிரித் தமிழ் பேசினாள். "எங்கள் தேசத்திலே குருவானவரும் சைக்கிளிலே போவார், மீன் விற்கிறவளும் போவாள். குழந்தையைக் கூடையிலே வைத்துக்கொண்டு தாயும் போவாள். வண்டியைச் சுவரிலே சாய்த்துவிட்டுப் போனால், திரும்பி வரும்போது அங்கேயே இருக்கும்," என்றாள்.

சொல்லிவிட்டு, எங்களிடம் எதையும் ஈடாக வாங்காமல், வண்டியை விட்டுவிட்டு நடந்தே போய்விட்டாள்! பொருளை வைத்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போகிற ஆளை நான் கண்டதில்லை. சுவரில் சாய்த்தது அப்படியே இருக்கிற ஊரில், ஒன்று எல்லாரும் யோக்கியர்களாக இருக்கவேண்டும், இல்லை அத்தனை வண்டியும் ஓட்டையாக இருக்கவேண்டும். என் வீட்டுக்காரர் இரண்டையும் நம்பவில்லை. "அந்த வண்டிய உள்ள கொண்டாந்து என் கண் முன்னால நிறுத்து. திருட்டு வண்டியா இருக்கும்!" என்றார்.

குடை

எங்கள் கடையிலிருந்து நாலு மிதி மிதித்தால் செங்கோட்டை. ஆனால் அது வேறு ராஜ்யம், திருவிதாங்கூர் மகாராஜாவுடையது. நடுவில் சவுக்கை என்று ஒரு சுங்கச்சாவடி போட்டுப் போகிற வருகிறவர்களைச் சோதனை செய்வார்கள். அந்த ஊர்க்காரர் ஒருவர் மத்தியான நேரத்தில் ஓடிவந்தார். மகளுக்கு இடுப்புவலி கண்டுவிட்டது என்று சேதி வந்ததாம், வேகமாகப் போகிற வண்டியாக வேண்டுமாம். இருந்ததிலேயே புது வண்டியைக் காட்டினேன். அவர் கையிலிருந்த குடையைக் கேட்டேன். மலையடிவாரத்து மனுஷன் சாரல் காலத்தில் சோற்றை விடுவான், குடையை விடமாட்டான் என்பது என் கணக்கு. அவர் யோசிக்காமல் கொடுத்துவிட்டுத் தூறலில் நனைந்தபடியே பறந்தார்.

"மழையில குடையைக் குடுத்துட்டு ஓடுதவன் என்ன ஆளு?" என்று உள்ளேயிருந்து கேள்வி வந்தது. வெளிச்சம் இருக்கும்போதே வந்துவிடுவார் என்றேன். விளக்கு வைத்தேன், ஆள் வரவில்லை. இசக்கியைத் தூங்கப் பண்ணினேன், அப்போதும் வரவில்லை. எலுமிச்சை முள் கையில் குத்துவது மாதிரியே இருந்தது எனக்கு. என் வீட்டுக்காரர் குடையை வாங்கி விரித்துப் பார்த்தார். "குடை நல்லாத்தான் இருக்கு. புளியங்குடிக்குப் போறப்ப பிடிச்சுக்கிட்டுப் போலாம்," என்றார்.

மிச்சம்

மறுநாள் முதல் பஸ்ஸிலேயே மூத்தவர் புளியங்குடியிலிருந்து மறுபடியும் வந்து இறங்கினார். வந்ததும் வண்டி வரிசையைத்தான் பார்த்தார். "இசக்கி, புது வண்டி எங்கேன்னு ஒங்கம்மைட்ட கேளு."

"இசக்கி, வாடகைக்குப் போயிருக்குன்னு பெரியப்பாட்ட சொல்லு."

"ராத்திரி பூராவுமா வாடகைன்னு கேளு."

இதற்கு இசக்கி என்ன பதில் சொல்வாள்? நல்லவேளை, அந்த நர்ஸம்மா வந்து இறங்கினாள். ஒட்டுப்போட்ட வண்டியை முந்தின நாளே வாங்கிப் போய், காலையில் செங்கோட்டையில் ஒரு நோயாளியைப் பார்த்துவிட்டு வருகிறாள். "அம்மா, உன்னுடைய புது வண்டி சவுக்கையிலே இருக்கிறது. அதை ஓட்டிய மனுஷனும் அங்கே உட்கார்ந்திருக்கிறான். இப்படிப்பட்ட புதிய வண்டி உனக்கு ஏது, டயருக்குள்ளே புகையிலை கடத்துகிறாயா என்று பிடித்துவிட்டார்கள். தென்காசிக் கடையிலே குடையை வைத்து எடுத்தேன் என்கிறான். அந்தக் குடையைக் கொண்டுவந்து காட்டினால் விடுவார்களாம். நான் எடுத்துப் போகட்டுமா?" என்றாள்.

கையில் இருப்பது அந்தக் குடை ஒன்றுதான். அதையும் விட்டால் வண்டியும் இல்லை, ஈடும் இல்லை, கடையும் இல்லை. என் கண் தன்னாலே ஈடு தேடி அவள் தலைத் தொப்பிக்குப் போனது. அவள் தன் வண்டியை எங்களிடம் விட்டுப் போனபோது என் கம்மலையா கேட்டாள்? மகளின் வலி என்னவாயிற்று என்று தெரியாமல் ஒரு தகப்பன் சவுக்கையில் உட்கார்ந்திருக்கிறானே என்றும் தோன்றியது. குடையை எடுத்து நீட்டினேன்.

"ஏய், அந்தம்மாட்ட ஈடு வாங்கினியா?" என்றார் உள்ளே படுத்திருந்தவர்.

"வாங்கிட்டேன், வாங்கிட்டேன்," என்றேன்.

மூத்தவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் நின்றார். நர்ஸம்மா திருப்பத்தில் மறைந்ததும் குனிந்து, "இசக்கி, ஒங்கம்மை வண்டியையும் விட்டா, குடையையும் விட்டா. இப்பக் கடையில மிச்சம் நீதான்," என்றார்.

எந்த ஊர்க் கள்ளன்?

வெயில் ஏறின பிறகு தூரத்தில் மணிச்சத்தம் கேட்டது. ஒரு கையில் விரித்த குடையும் ஒரு கையில் ஹாண்டில்பாருமாகச் செங்கோட்டைக்காரர் வந்துகொண்டிருந்தார். ஓடிப்போய் வண்டியைப் பிடித்து நிறுத்தித் தடவிப் பார்த்தேன். வண்டியில் ஒரு குறையும் இல்லை, டயரைத்தான் பிரித்துப் பார்த்துவிட்டுக் கோணலாக மாட்டியிருந்தார்கள். மகள் எப்படி இருக்கிறாள் என்றேன். சவுக்கையில் விட்டதும் நேரே வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வருகிறாராம். பேத்தியாம், தாயும் பிள்ளையும் சுகமாம்.

ஆனால் கோபம் தீரவில்லை. குடையை மடக்கி, என்னையும் மூத்தவரையும் மாறி மாறிப் பார்த்தார். "வண்டிய கொண்டுட்டுப் போயிருவேன்னு இங்கன குடையைப் பிடுங்கினிய. வண்டிய கொண்டுட்டு வந்துட்டேன்னு அங்கன ஆளையே பிடிச்சாவ. நான் எந்த ஊர்க் கள்ளன்னு ரெண்டு ராஜ்யமும் பேசி முடிவுபண்ணிட்டு ஆள் அனுப்புங்க, வாரேன்!"

அவர் போனபின் மூத்தவர் புது வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். புளியங்குடிப் பேச்சை அதன்பிறகு எடுக்கவில்லை. வந்தது வந்தோம், அருவியில் ஒரு முழுக்குப் போடலாம் என்று நினைத்தாரோ என்னவோ, மெதுவாக வண்டியின் ஸ்டாண்டைத் தட்டினார். டென்மார்க்கில் ஒருவரையும் சந்தேகப்படமாட்டார்கள், திருவிதாங்கூரில் வெளியாளை மட்டும் சந்தேகப்படுவார்கள், எங்கள் தென்காசியிலோ சொந்தக்காரர் வெளியார் என்று ஓரவஞ்சனை செய்கிற வழக்கமே கிடையாது.

"இசக்கி," என்றேன், "துண்டைக் கொடியில போட்டுட்டு வண்டிய எடுக்கச் சொல்லு, பெரியப்பாவை."