அவர் ஒப்புக்கொண்டதை நான் எழுதி அனுப்பினேன்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஜவ்வாது மலையில் காவலூருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மென்பொருள் குழுவுக்கு நான் தலைவனானேன். கிராமச் செவிலியர்கள் கர்ப்பிணிகளின் விவரங்களை மொபைலில் பதிவு செய்ய ஒரு செயலி தயாரித்தோம். மொத்தம் ஐந்து பேர். அடிக்கடி செவிலியர்களோடு போய்ச் சோதித்துப் பார்க்க வேண்டியிருந்ததால், மலையிலேயே இரண்டு அறை வாடகைக்கு எடுத்திருந்தோம்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வெள்ளிக்கிழமை மதியம் ‘ரெட்ரோ’ என்றொரு கூட்டம் நடக்கும். எது சரியாகப் போனது, எது சொதப்பியது, அடுத்து எதை மாற்றலாம் என்று குழுவே உட்கார்ந்து பேசிக்கொள்வது. யாரையும் குற்றவாளி ஆக்கக் கூடாது என்பதுதான் அதன் முதல் விதி. அதைப் பெரிய எழுத்தில் அச்சடித்துச் சுவரில் ஒட்டியவனே நான்தான்.

ஒரு கூட்டத்தில், செயலியைச் சோதித்துப் பார்க்கும் எங்கள் டெஸ்டர், பக்கத்து மலைக் கிராமத்துக்காரர், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், தானாகவே சொன்னார்: “சிக்னல் இல்லாத எடத்துல செக் பண்ணாமயே ஓகே போட்டுட்டேன் சார். பையனுக்கு ஜொரம், அவசரமா வூட்டுக்குப் போய்ட்டேன். எம்மேலதான் தப்பு.” எல்லோரும் கைதட்டினோம். இப்படித்தான் மனம் திறந்து பேச வேண்டும் என்று நான் வேறு நீட்டி முழக்கினேன்; சோதிக்க அரை நாள் மட்டும் கொடுத்தது நான் என்பதைச் சொல்லவில்லை.

அந்தச் சோதனையை மறுபடி செய்ததில் நாள் போனது. மாதக் கடைசியில், வேலை ஏன் தாமதம் என்று தலைமை அலுவலகம் கேட்டது. அலுத்துப்போய் உட்கார்ந்திருந்தேன். கூட்டத்தின் குறிப்பு லேப்டாப்பில் திறந்தே கிடந்தது. அதை அப்படியே, அவர் பெயரோடு, அனுப்பிவிட்டேன். அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அவர் ஒன்றும் கேட்கவில்லை. நானும் பேச்செடுக்கவில்லை.

அதன் பிறகு கூட்டங்கள் பத்தே நிமிடத்தில் முடிந்தன. குறை என்று ஒரு வரிகூட வராது. குழு தேறிவிட்டது என்று வெளியே பெருமையடித்துக்கொண்டேன். உண்மையில், சீக்கிரம் முடிந்தால் போதும் என்றுதான் எனக்கும் இருந்தது.

மூன்றாவது மாதம், ஒருநாள் மதியம் செவிலியர் ஒருவர் மூச்சிரைக்க வந்தார். ரத்த அழுத்தம் ஏறியிருந்த ஒரு நிறைமாதக் கர்ப்பிணியின் பெயர், அன்று பார்க்க வேண்டியவர்கள் என்று செயலி காட்டிய பட்டியலிலேயே இல்லை. ஞாபகத்தை நம்பி நேரே வீட்டுக்குப் போய், ஜீப் பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்திருக்கிறார். “நான் லீவுல இருந்திருந்தா இன்னா ஆயிருக்கும் சார்?” என்று அவர் கேட்டார். நல்லவேளை, தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

விசாரித்தால், சில பெயர்கள் காணாமல் போவது என் குழுவில் மூன்று பேருக்கு முன்பே தெரியுமாம். கண்ணில் பட்டபோதெல்லாம் சத்தமில்லாமல் திரும்பப் பதிந்து சமாளித்திருக்கிறார்கள். இந்த ஒன்று கண்ணில் படாமல் போய்விட்டது.

“தெரிஞ்சும் ஏன் சொல்லல?” என்று கத்தினேன்.

டெஸ்டர்தான் நிதானமாகப் பதில் சொன்னார். “ஒருவாட்டி சொன்னனே சார். அது எங்க போச்சின்னு உங்களுக்குத் தெரியாதுங்களா?”

அன்றே தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன்: சோதிக்க நேரமே தராமல் விரட்டியது நான், அவருக்கு அனுப்பிய எச்சரிக்கைக் கடிதத்தைத் திரும்பப் பெறுங்கள் என்று. திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை, நான் செய்ததைக் குழுவின் முன்னால் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதற்கடுத்த மூன்று கூட்டங்களும் அப்படியே போயின. நான்காவதில்தான், “இந்த லிஸ்ட்டு வர்றதுக்கு ரொம்ப லேட்டாவுது சார்” என்று டெஸ்டர் ஒரு சின்னக் குறை சொன்னார். அன்று எனக்கு அழுகை வந்துவிட்டது.

இப்போதெல்லாம் அவர் நிறையப் பேசுகிறார். ஆனால் ஆரம்பிக்கும் முன், நான் எதையாவது எழுதுகிறேனா என்று ஒருமுறை என் கையைப் பார்த்துவிட்டுத்தான் ஆரம்பிக்கிறார். அந்தப் பார்வை நானே சம்பாதித்தது என்பதால் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறேன்.