நான் வாசிக்காமல் விட்ட பக்கம்

சென்ற மாதம் பொழியூர்க் கடற்கரையில் ஒரு வாசகசாலை முற்றத்தில் நடந்த ஆண்டுவிழாவில் என் மகள் எழுதிய நாடகம் மேடையேறியது. பரிசு வாங்கிய நாவலாசிரியர் ஒருவரை ஊரே கூடி விசாரித்து, தலைகுனிய வைத்து அனுப்பும் கதை. முப்பது வருடங்களுக்கு முன் அதே முற்றத்தில் நடந்ததுதான். விசாரிக்கப்பட்டவர் என் நண்பர். சாட்சியாக நின்றவன் நான்.

கேரள எல்லைக்குள் கிடக்கும் எங்கள் பக்கத்தில் வீட்டில் தமிழ் பேசுவோம், பள்ளியில் மலையாளம் படிப்போம். தமிழ் பேசுகிற பலருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. நண்பரோ தமிழில் எழுதினார். கடற்கரைக்காரர்களைத் திருடர் என்று எழுதிவிட்டார் என்று பேச்சு கிளம்பியபோது, தனுவச்சபுரத்தில் தமிழ் வாத்தியாராக இருந்த என்னை வாசித்துக் காட்டச் சொன்னார்கள். பட்டினி கிடந்த நாலுபேர் செத்தவனின் வலையைத் தூக்கிப்போகும் பக்கத்தை வாசித்தேன். அந்த நாலுபேரும் மறுநாளே மனம் பொறுக்காமல் வலையைச் செத்தவனின் மனைவி வாசலில் கொண்டுவைக்கும் அடுத்த பக்கத்தை வாசிக்கவில்லை.

"அடுத்த பக்கத்தையும் வாசி" என்றார் நண்பர்.

"அதில ஒண்ணும் இல்ல" என்றேன்.

புத்தகத்தை வாங்கி அவரே வாசிக்கத் தொடங்கினார். கூச்சலில் ஒரு வரிகூடக் கேட்கவில்லை. அந்த வாரமே ஊரைவிட்டுப் போனார். பிறகு எதுவும் எழுதாமலே இறந்தார். நானும் ஒரு நாவல் எழுதியிருந்தேன். அதை அச்சிட ஆள் கிடைக்கவில்லை, அவர் நாவலுக்குப் பரிசு. அவ்வளவுதான் காரணம்.

மகள் முதலில் எழுதிய நாடகத்தில் சாட்சி நல்லவன். கொடுத்ததை வாசித்த பாவம் மனுஷன். அதை என்னிடம் படித்துக் காட்டினாள். கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. நடந்ததைச் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வந்து, "மாத்தி எழுதப் போறேன் அப்பா. உள்ளது உள்ளபடி" என்றாள்.

"எழுது மக்கா."

"ஊரு காறித் துப்பும்."

"துப்பட்டு."

"அப்ப முன்வரிசையில வந்து இருக்கணும்."

இருந்தேன். மேடையில் அடுத்த பக்கத்தை முழுக்க வாசித்தார்கள். அந்த முற்றத்தில் ஒருவரும் இருமக்கூட இல்லை. அந்த வரிகளுக்கு அந்த அமைதி முப்பது வருடம் பிந்திக் கிடைத்தது.

பக்கத்தில் ஒரு கிழவர். அன்றைக்கு முதலில் கூச்சல் போட்ட மீன்பிடிகாரர்.

"சாரே, இந்தப் பக்கம் அண்ணைக்கே புத்தகத்தில உண்டா?"

"உண்டு."

"சாரு வாசிக்கல்ல."

"வாசிக்கல்ல."

நாற்காலியை இரண்டடி தள்ளிப் போட்டுக்கொண்டார். நாடகம் முடிந்தது. மகள் மேடைக்கு வந்து கைகூப்பினாள். கிழவர் என் பக்கம் திரும்பாமலே கேட்டார்: "இத எழுதினது ஆரு?"

எழுந்து நின்றேன். "என் மகளாக்கும்" என்றேன், பின்வரிசைக்கும் கேட்கும்படி.