வெள்ளிக்கிழமை சாகும் அண்ணி

என் அண்ணி பிணமாக நடிப்பவள். நாத்தனார் என்பதால் திட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம், அவள் வேலையே அதுதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு துப்பறியும் தொடர் வருகிறது. அதில் வாரத்துக்கு ஒரு பெண் கொலையாவாள். அந்தத் தொடரில் ஆண்கள் செத்தால் நாலு வரி வசனம் பேசிவிட்டுச் சாவார்கள். பெண்கள் செத்த பிறகுதான் அறிமுகமே ஆவார்கள். இதில் எனக்கு நிறையக் கோபம் உண்டு. ஆனாலும் ஒரு வாரம்கூட விட்டதில்லை, தட்டில் சாப்பாட்டைப் போட்டுக்கொண்டு மாடியிலிருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவேன்.

அண்ணி அந்தத் தொடரின் உடைப் பிரிவில் இஸ்திரி போடப் போனவள். ஜன்னல் இல்லாத அறை, இரண்டு இஸ்திரிப் பெட்டிகள், கம்பி நிறையத் தொங்கும் போலீஸ் உடுப்புகள். பல வருஷம் அங்கே நின்றுகொண்டே வேலை பார்த்தாள். யாருக்கும் அவள் பெயர் தெரியாது. "இஸ்திரி, அந்த நீலச் சட்டை ஆச்சா?" என்பதுதான் அவளிடம் அதிகம் பேசப்பட்ட வாக்கியம்.

ஒரு நாள் கொலையாக வேண்டிய நடிகைக்கு ஜலதோஷம். சில்லென்ற தரையில் படுத்ததும் தும்மினாள். மறுபடி எடுத்தார்கள், மறுபடி தும்மினாள். செத்தவளுக்குத் தும்மல் நிற்கவில்லை. வெறுத்துப்போன இயக்குநர், மடித்த துணிகளோடு அந்தப் பக்கம் போன அண்ணியைக் காட்டி, இந்த அம்மாவைப் படுக்கச் சொல்லுங்கள், முகத்தை முடியால் மூடிவிடலாம் என்றார். அண்ணி படுத்தாள். வேலை நேரத்தில் முதல்முறையாகப் படுக்கக் கிடைத்த சந்தோஷத்தில் அசையாமல் கிடந்தாள். மேக்கப்காரர் பயந்துபோய்த் தோளைத் தட்டிப் பார்த்தாராம்.

அதன் பிறகு அந்தத் தொடரில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. உயிரோடு இருக்கும் வரை நடிகைகள் நடிப்பார்கள், உயிர் போன பிறகு அண்ணி நடிப்பாள். குப்புறக் கிடப்பாள், சாக்குக்குள் கிடப்பாள், கார் டிக்கியில் சுருண்டு கிடப்பாள். நெஞ்சு ஏறி இறங்காமல் முதுகுப் பக்கமாக மூச்சு விடப் பழகிக்கொண்டாள். ரத்தம் என்பது சாயம் கலந்த சர்க்கரைப் பாகு, அதனால் எறும்பு வரும். எறும்பு கடித்தாலும் செத்தவள் சொறியக் கூடாது. கொலைகாரனாக நடிப்பவர் தங்கமான மனிதர், பிணத்தை இழுத்துப் போகும்போது தலை இடிக்காமல் பார்த்துக்கொள்வார் என்று அண்ணி சொல்லுவாள்.

மறுநாள் மாடிப்படியில் எதிர்ப்படுகிறவர்கள் எல்லாம் நின்று விசாரிப்பார்கள். எதிர்வீட்டு டீச்சர் கையைப் பிடித்துக்கொண்டு, "நேத்து ரொம்ப நல்லா செத்திருந்தீங்க" என்பார். அண்ணி தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பாள். அவள் இஸ்திரி போட்ட சட்டையை இதுவரை யாரும் பாராட்டியதில்லை. படப்பிடிப்பிலும் இஸ்திரி என்று கூப்பிடுவதை விட்டுவிட்டு அக்கா என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். இருட்டுக் குழிக்குள் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிற தொழில். பயம் என்பதை அடுத்தவர்களுக்கு வரும் ஒரு வியாதி என்று நினைத்திருந்தவன். ஆரம்பத்தில் டிவிக்கு முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்து, சாக்குக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் காலைக் காட்டி, அது என் பெண்டாட்டி கால் என்று வந்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டான்.

வினை ஒரு ஸ்வெட்டரில் வந்தது. ஒரு நாள் ஒத்திகையிலேயே பாகைக் கொட்டி, பிணத்துக்கு வைத்திருந்த ஸ்வெட்டரைப் பாழாக்கிவிட்டார்கள். அண்ணி தன்னுடைய சாம்பல் நிற ஸ்வெட்டரையே போட்டுக்கொண்டு படுத்தாள். அதில் ஒரு பட்டன் மட்டும் வேறு நிறம். பழையது அறுந்துபோனபோது கையில் கிடைத்த பழுப்புப் பட்டனை அண்ணனே தைத்துக் கொடுத்திருந்தான். இயக்குநர் அதைப் பார்த்துவிட்டு, இது யார் தைத்தது என்று கேட்டிருக்கிறார். என் வீட்டுக்காரர்தான், லிஃப்ட் வேலை, அவருக்கு எல்லாமே கம்பி கட்டுகிற மாதிரிதான் என்று அண்ணி வெகுளியாகச் சொல்லியிருக்கிறாள். இயக்குநருக்கு அதைக் கேட்டதும் கை துறுதுறுத்துவிட்டது.

அந்த வெள்ளிக்கிழமை நாங்கள் எல்லோரும் தட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தோம். திரையில் துப்பறியும் அதிகாரி பிணத்தின் பக்கத்தில் மண்டியிட்டார். பட்டனைக் கைக்குட்டையால் தூக்கிப் பார்த்தார். "இதைத் தைச்சது ஒரு ஆம்பளை. நூலை நாலு சுத்து சுத்தி இறுக்கியிருக்கான். கம்பி கட்டிப் பழகின கை. இந்த வீட்டுலேயே இருக்கிறவன்" என்றார். அறையில் இருந்த அத்தனை பேரும் திரும்பி அண்ணனைப் பார்த்தோம். கடைசியில் புருஷனைத்தான் கைது செய்தார்கள். டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தார், அண்ணனும் கூடச் சேர்ந்து சிரித்தான். அவன் தட்டில் சாப்பாடு பாதி அப்படியே இருந்ததை நான்தான் கவனித்தேன்.

மறுநாளிலிருந்து அவன் பெயர் பட்டன் ஆகிவிட்டது. லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள்கூட, பட்டன் வருகிறாரா என்று விசாரித்தார்களாம். அதை அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவனை உலுக்கியது வேறு. கேமரா பட்டனிலிருந்து மெல்ல மேலே போய், கழுத்தைத் தாண்டி, அண்ணியின் திறந்த கண்ணில் நின்றது. வழக்கமாக முகத்தை மூடியிருக்கும் முடி அன்றைக்கு விலகியிருந்தது. "என் பக்கம்தான் பார்த்துட்டிருந்தா. ஆனா என்னைப் பார்க்கல" என்று என்னிடம் சொன்னான். சொல்லிவிட்டு, போட்டிருந்த செருப்பைத் தேடினான்.

அதன் பிறகு வெள்ளிக்கிழமைகளில் அவன் வீட்டில் இருப்பதில்லை. மாடிப்படியில் போய் உட்கார்ந்தான். ஆனால் அந்தக் கட்டடத்தில் எல்லா வீட்டிலும் அதே தொடர், எல்லாக் கதவுக்குப் பின்னாலிருந்தும் கொலை வருவதற்கு முந்தின அதே இசை. மொட்டை மாடிக்குப் போனான். அங்கேயும் பக்கத்துக் கட்டடத்திலிருந்து கேட்டது. சமையலறைக் கத்திகளை எல்லாம் எடுத்துப் பரண்மேல் வைத்தான். அண்ணி ஸ்டூல் போட்டு ஏறி எடுத்துத் தக்காளி நறுக்கிவிட்டு, மறுபடி ஏறி வைத்தாள்.

பிறகு தூக்கத்தில் கை வைத்தான். அண்ணிக்குத் தொழில் உடம்பில் ஊறிவிட்டிருந்தது. வீட்டில் தூங்கினாலும் முதுகுப் பக்கம்தான் மூச்சு, அசைவே கிடையாது. பெண்டாட்டி குறட்டை விடுகிறாள் என்று புலம்பும் புருஷர்களைப் பார்த்திருக்கிறேன். விடமாட்டேன் என்கிறாள் என்று புலம்பிய ஒரே புருஷன் என் அண்ணன். அவள் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்ப்பான். சந்தேகம் தீராமல் தோளைப் பிடித்து உலுக்குவான். அவள் என்ன என்று கேட்டால், ஒன்றுமில்லை, தூங்கு என்பான். ஒரே ராத்திரியில் பல தடவை இப்படி. அண்ணிக்குக் கண் உள்ளே போய்க் கன்னம் ஒட்டிவிட்டது. மேக்கப்காரருக்கு மட்டும் சந்தோஷம், வேலை பாதியாகக் குறைந்துவிட்டதாம்.

கடைசியில் அண்ணன் வாய்விட்டே கேட்டுவிட்டான். இந்தச் சாகிற வேலையை விட்டுவிடு, பழையபடி இஸ்திரி மட்டும் போடு என்றான். அண்ணி சண்டை போடவில்லை, சரி என்றாள். சண்டை போட்டிருந்தால் எனக்கு மனசு ஆறியிருக்கும். அன்றைக்கு மத்தியானம் என் வீட்டுக்கு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். "எனக்கு நல்லா வர்றது இது ஒண்ணுதான்" என்றாள். அழவில்லை.

நேரில் கூட்டிப்போய்க் காட்டினால் பயம் தெளிந்துவிடும் என்று நான்தான் யோசனை சொன்னேன். அடுத்த காட்சியில் அண்ணியின் முழு முகத்தையும் நிதானமாக எடுக்கப்போகிறார்கள். அதை வந்து பார், அப்புறமும் உனக்குத் தெளியாவிட்டால் அவள் விட்டுவிடட்டும் என்று அண்ணனிடம் பேரம் பேசினேன். நானும் கூடவே போனேன்.

பெரிய குடோன். உள்ளே பாதி வீடு நின்றது. கூரையில்லாத சமையலறை, எங்கேயும் போகாத மாடிப்படி. அண்ணன் சுவரில் கை வைத்தான், சுவர் ஆடியது. ஒரு ஸ்க்ரூவைக்கூட ஒழுங்காக முடுக்கவில்லை என்று முகத்தைச் சுளித்தான். அதுவே நல்ல சகுனமாகப் பட்டது எனக்கு. பிறகு தொடரில் வரும் லிஃப்டைக் காட்டினார்கள். வெறும் பலகைப் பெட்டி, இரண்டு கதவையும் இரண்டு ஆள் ஒளிந்து நின்று கையால் இழுத்து மூடுகிறார்கள். அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான், சுவரும் கூட ஆடியது. கொலைகாரர் பிஸ்கட் பொட்டலத்தை நீட்டினார், வாங்கிக்கொண்டான். ரத்தத்தை விரலால் தொட்டு நக்கிப் பார்த்து, இனிப்பு ஜாஸ்தி என்றான். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

அண்ணி அந்தச் சமையலறைத் தரையில் மல்லாந்து படுத்தாள். கழுத்தோரம் பாகை ஊற்றினார்கள். இந்தத் தடவை கண்ணை மூடிக்கொண்டு சாக வேண்டும். இயக்குநர் கையைக் காட்ட, குடோனே அடங்கிப்போனது. கேமரா அவள் முகத்துக்கு மேலே போய் வெகுநேரம் நின்றது. கட் என்றார்கள். விளக்கு போட்டார்கள். ஒருத்தர் கைகூடத் தட்டினார்.

அண்ணி எழுந்திருக்கவில்லை.

உதவி இயக்குநர், அக்கா, ஆச்சு என்றார். சத்தமாக இன்னொரு தடவை சொன்னார். யாரோ ஒருவர் சிரிக்கத் தொடங்கி நடுவிலேயே நிறுத்திக்கொண்டார். வாரா வாரம் பிணத்துக்குப் பக்கத்தில் மண்டியிட்டு நூலையும் பட்டனையும் ஆராய்கிற அதிகாரி, இரண்டடி பின்னால் போய்க் கேமராவுக்குப் பின்னால் நின்றுகொண்டார். மேக்கப்காரர் திரும்பிச் சுவரைப் பார்த்தார். கொலையை வைத்தே சாப்பிடுகிற அத்தனை பேர் நின்றோம், ஒருத்தருக்கும் கிட்டே போகத் தைரியம் வரவில்லை.

அண்ணன் போனான். பாகை மிதித்துக்கொண்டே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தான். விரலை நீட்டி மூக்குக்குக் கீழே வைத்தான். அவசரப்படவில்லை. தினமும் செய்கிற வேலையை எப்படிச் செய்வோமோ, அப்படி வைத்துக்கொண்டு காத்திருந்தான். அவன் முதுகைத் தவிர வேறு எதையும் பார்க்க என்னால் முடியவில்லை.

"தூங்கறா" என்றான். "யாரும் எழுப்பாதீங்க. நான்தான் இவளைத் தூங்க விடறதில்ல."

பின்னாலிருந்து யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அண்ணனுக்கு ஏன் என்று புரியவில்லை, எனக்குப் புரிந்தது. நான் தரையைப் பார்த்துக்கொண்டேன்.

இயக்குநர் எல்லோரையும் டீ குடிக்க அனுப்பிவிட்டார். அவளுக்குச் சூடு தெரியாமல் இருக்கட்டும் என்று விளக்குகளையும் அணைத்தார்கள். அண்ணன் மட்டும் அங்கேயே உட்கார்ந்திருந்தான். பாகுக்கு எறும்பு வர ஆரம்பித்தது. கீழே கிடந்த வசனத் தாளை எடுத்து விசிறினான். அது சரிப்படாமல், அவள் கழுத்திலிருந்து ஒவ்வொரு எறும்பாக எடுத்து அந்தப் பக்கம் விட்டான். அதிகாரியாக நடிப்பவர் தன் கோட்டைக் கழற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். அண்ணன் வாங்கி அவள் காலில் போர்த்தினான்.

அண்ணி தூங்கி முடித்துத்தான் கண் விழித்தாள். திடுக்கிடவில்லை. மேலே தெரிந்த அண்ணன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஷாட் ஓகேவா?" என்றாள்.

"ஓகேன்னாங்க" என்றான் அண்ணன். அவள் கழுத்தில் மிச்சமிருந்த ஓர் எறும்பை எடுத்துவிட்டான். "ரொம்ப நல்லா செத்திருந்த."

வேலையை விடுவது பற்றி அதற்குப் பிறகு இருவரும் பேசியதாக எனக்குத் தெரியவில்லை. அந்தக் காட்சி வந்த வெள்ளிக்கிழமை அண்ணன் மறுபடியும் டிவிக்கு முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்தான். கேமரா அண்ணியின் முகத்துக்குப் போனதும் டீச்சர் விரல்களால் கண்ணை மூடிக்கொண்டார். பயப்படாதீர்கள், தூங்குகிறாள் என்று அண்ணன் அவருக்குத் தைரியம் சொன்னான். அதோடு அந்தக் கொலையில் யாருக்கும் ருசி இல்லாமல் போய்விட்டது.

பயம் முழுக்கப் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டப்பா ஒன்றைத் திருப்பிக் கொடுக்க மாடிக்குப் போனேன். அண்ணி அந்தச் சாம்பல் ஸ்வெட்டரோடு சோபாவில் தூங்கிக்கொண்டிருந்தாள், அசைவே இல்லாமல். உள்ளேயிருந்து வந்த அண்ணன் நின்றான். குனிந்து விரலை நீட்டினான். விரல் மூக்குக்குப் பக்கத்தில் வருவதற்குள், கண்ணைத் திறக்காமலே அண்ணி சொன்னாள்: "இருக்கேன்."

சரி என்று சொல்லிவிட்டு, அண்ணன் ஸ்பானரைத் தேடப் போனான்.