காஞ்சிபுரம் சேலையில் சூப்பர் பௌல்

1. வாசலில்

மேலாளர் ரிஷார் கதவைத் திறந்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. காலில் சப்பாத்து இல்லை, உடம்பில் இலக்கம் போட்ட தொளதொள ஜேர்சி. அவருக்குப் பின்னால் எங்கள் பெட்டித் தொழிற்சாலை ஆட்கள் கார்ப்பெட்டில் சரிந்து கிடந்து கோழிச் சிறகு கடித்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் நான் கோட்டும் டையுமாக நின்றேன். பக்கத்தில் என் மனைவி ரஞ்சி, காஞ்சிபுரம் சேலையும் கையில் பலகாரத் தட்டுமாக.

மேலாளர் வீட்டுக்குக் கூப்பிட்டால் வேறெப்படிப் போவது? அதுவும் எங்கள் பகுதிக்குத் தலைமைத் தொழிலாளியான லீட் ஹாண்ட் இடம் காலியாகப் போகிற நேரம். நாங்கள் குடியிருந்த பார்க் எக்ஸ்டென்ஷனில் இருந்து பஸ்ஸில் வரும்போது, “இண்டைக்கு நல்ல பேர் எடுக்கவேணும்” என்று அவளுக்குப் பாடம் நடத்திக்கொண்டு வந்தவனும் நான்தான்.

2. திங்கட்கிழமைக் கதை

என்னை ஏன் கூப்பிட்டார்கள் என்று சொல்லவேண்டும். இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் அவை. அட்டை வெட்டுகிற டை கட்டர் மெஷினில் நின்ற என்னோடு ஒருவரும் கதைப்பதில்லை. திங்கட்கிழமை கோப்பி நேரத்தில் எல்லோருக்கும் ஞாயிற்றுக்கிழமை நடந்த அமெரிக்கன் ஃபுட்போல் ஆட்டத்தின் கதைதான். அது தெரியாதவன் அங்கே ஆளே இல்லை. ஆகவே நானும் டிவி பார்க்கத் தொடங்கினேன். முதலில் எரிச்சல்தான் வந்தது. ஒரு தள்ளு, உடனே ஒரு கூட்டம், பிறகு இன்னொரு தள்ளு. ஆனால் இரண்டு சீசனில் பைத்தியமாகிவிட்டேன்.

எனக்கு மிகவும் பிடித்தவர் நடுவர். மஞ்சள் துணியை எறிந்துவிட்டு, பிழை விட்டவனின் இலக்கத்தை மைக்கில் அரங்கம் முழுக்கக் கேட்கச் சொல்வார். மலை மாதிரி இருக்கிற அந்த மனிதன் பேசாமல் தன் அணியோடு தண்டனையாகப் பத்து யார் தூரம் பின்னுக்குப் போய், அடுத்த ஆட்டத்துக்குக் குனிந்து நிற்பான். இதை நான் நடித்துக் காட்டியதைப் பார்த்துச் சிரித்துத்தான், அந்த ஆண்டின் இறுதியாட்டமான சூப்பர் பௌல் பார்க்க ரிஷார் என்னை வீட்டுக்கு அழைத்தார்.

3. இல்லாத கலியாணம்

“ஆருக்குக் கலியாணம்?” என்று கார்ப்பெட்டில் கிடந்த ஒருவன் இங்கிலிஷில் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முகமெல்லாம் சுட்டது.

“ஓம், ஒரு கலியாண வீட்டில இருந்து நேரா வாறம்” என்று அவிழ்த்துவிட்டேன்.

ரஞ்சிக்கு இங்கிலிஷ் மட்டுமட்டு. ஆனால் புதிதாகக் குடியேறியவர்களுக்கான அரசாங்க வகுப்பில் படித்த பிரெஞ்சு என்னுடையதைவிட நல்லது. ரிஷாரின் மனைவி பலகாரத்தை வாங்கிக்கொண்டு, மணமகள் யார் என்று பிரெஞ்சில் அவளிடம் கேட்டாள். ரஞ்சி என்னைப் பார்த்தாள். நான் டிவியைப் பார்த்தேன்.

“கலியாணம் ஒண்டும் இல்லை, மடாம். உங்கட வீட்டுக்கெண்டுதான் உடுத்துக்கொண்டு வந்தனாங்கள்.”

சிரிப்பு நின்றுவிட்டது. அந்த அம்மா சேலை முந்தானையை மெல்லத் தொட்டுப் பார்த்து, “எங்களுக்காகவா?” என்று கேட்டு, ரஞ்சியைக் கூட்டிக்கொண்டுபோய்த் தன் பக்கத்தில் இருத்தினாள். நான் மூலையில் கிடந்த கதிரையில் ஒடுங்கினேன். அன்றைக்கு எந்த அணி வென்றது என்று இவ்வளவு பெரிய ரசிகனுக்கு இன்றுவரை ஞாபகமில்லை.

திரும்பி வரும்போது பஸ் தரிப்பில் ரஞ்சி சொன்னாள்: “பொய் சொன்னதை விடுங்கோ. என்ர சாறியைப் பாத்து ஏன் வெக்கப்பட்டனீங்கள்?”

நான் பஸ் வருகிறதா என்று தெருவை எட்டிப் பார்த்தேன்.

4. மஞ்சள் துணி

திங்கட்கிழமை கோப்பி நேரத்தில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து நின்றேன். “கலியாணம் எண்டது பொய். வெக்கத்தில சொல்லிப்போட்டன்.”

ரிஷார் மெஷின் துடைக்கிற மஞ்சள் துணியை எடுத்து என் காலடியில் எறிந்தார். “பத்து யார். போய் மெஷினைப் போடு.”

லீட் ஹாண்ட் வேலை வேறொருவனுக்குப் போனது. அதில் எனக்குக் குறையில்லை. புதிதாக வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: உங்கள் பிழையை நீங்களே உரக்கச் சொல்லுங்கள், வேலையிடம் அதை மறந்துவிடும். வீடு அப்படி இல்லை. அதற்குப் பிறகு என் வேலையிடத்து விருந்து எதற்கு வெளிக்கிட்டாலும், அலுமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு ரஞ்சி கேட்பாள்:

“எதை உடுத்தினா உங்களுக்கு வெக்கமா இராது?”