கடைசிக் கட்டத்தைக் காணோம்

பழைய பிரிட்டிஷ் சிறுவர் காமிக்ஸ் வாங்கி விக்கறதுல ஒரே கஷ்டம், பார்சலைப் பிரிச்சதும் விக்கவே மனசு வராது. அட்டை முனை மடங்கினா அன்னிக்கு சோறு இறங்காத என் இனத்து மக்களே, உங்களுக்குத்தான் இது புரியும். வாரநாள்ல நான் டெக்சாஸ் பக்கம் பிளானோல சாஃப்ட்வேர் டெஸ்டர். இப்ப ஒரு டெஸ்ட் ஓடிட்டிருக்கு. அது முடியறதுக்குள்ள ஒரே ஒரு காமிக்ஸ் இஷ்யூ பத்தி சொல்லிடறேன்.

மளிகைக் கடை ஆர்டர்

எங்க ஏரியா ஸ்ட்ரிப் மால் கடை வரிசைல மளிகைக் கடை வச்சிருக்கற நசீர் அங்கிள், என் பையிலேருந்து எட்டிப் பார்த்த காமிக்ஸைப் பார்த்துட்டு பில் போடறதையே நிறுத்திட்டார். காயல்பட்டினத்துல ஸ்கூல் படிக்கறப்ப ஒரு பிரிட்டிஷ் தொடர் தமிழ்ல வந்துட்டிருந்துதாம். கலங்கரை விளக்கத்துல மாட்டிக்கிட்ட ஒரு அண்ணன், தங்கச்சி. புயல்ல விளக்கு அணைஞ்சுடுது. அவங்க அப்பா ஓட்டற கப்பல் நேரா பாறையைப் பார்த்து வருது. தொடரும்! அதோட அந்தத் தமிழ்ப் பத்திரிகையே நின்னு போச்சு. "கப்பல் தப்பிச்சுதா இல்லையா, அது மட்டும் தெரியணும்மா"ன்னார்.

கண்டிப்பா தேடித் தர்றேன் அங்கிள்னு நான் குதிக்க, அவர் வொய்ஃப் மும்தாஜ் ஆன்ட்டி கருவேப்பிலையைக் கவர்ல போட்டுக்கிட்டே சொன்னாங்க: "ஃப்ரீசர் ஓடாம ஒரு வாரமாச்சு, அதைக் கேக்க ஆளில்லை. முப்பது வருசத்துக்கு முன்னாடி போன கப்பலுக்கு இவருக்குக் கவலை."

உள்ளே நல்ல சேதி

தேடினா, கடைசிப் பகுதி வந்த இஷ்யூ ஆன்லைன் ஏலத்துல வந்துது, இங்கிலாந்துல ஒருத்தர்கிட்டேருந்து. அட்டைல பெருசா 'உள்ளே நல்ல சேதி'ன்னு போட்டிருக்கு. நமக்குத் தெரியாதா? அந்த ஊர் வாராந்திரில அப்படிப் போட்டா, அடுத்த வாரத்துலேருந்து இதை இன்னொரு காமிக்ஸோட சேர்க்கறாங்க, பாதித் தொடரை இதுலயே முடிச்சுக் கட்டறாங்கன்னு அர்த்தம். விடுவேனா, எடுத்துட்டேன்.

அதே வாரம் ஆபீஸ்ல மேனேஜர் மீட்டிங் கூப்பிட்டு, நல்ல சேதி, நம்ம டீமும் பக்கத்து டீமும் ஒண்ணாகுதுன்னார். எல்லாரும் கைதட்டினாங்க. நான் நேரா சீட்டுக்கு வந்து ரெஸ்யூமே ஃபைலை ஓப்பன் பண்ணேன். பக்கத்து சீட் சுரேஷ் ஏன்னு கேட்டான். காமிக்ஸ் அட்டைல 'நல்ல சேதி'ன்னா என்ன அர்த்தம்னு சொன்னேன். சிரிப்பான்னு பார்த்தா, சேரை என் பக்கம் இழுத்துட்டு சொன்னான்: "அந்த ஃபைலை எனக்கும் அனுப்பு, ஃபார்மட் மட்டும் எடுத்துக்கறேன்."

பென்சில்ல வீட்டு நம்பர்

வித்தவரை நான் சும்மா விடலை. பின்னு துருப்பிடிச்சிருக்கா, வெயில்பட்டு மஞ்சளாயிருக்கா, மேல் மூலைல பென்சில்ல வீட்டு நம்பர் இருக்கான்னு ஈமெயிலா போட்டுத் தள்ளினேன். எந்த வீட்டுல போடணும்னு அந்த ஊர்ப் பேப்பர் கடைக்காரர் அட்டைலயே நம்பர் எழுதிடுவார். சிலர் அதை அழுக்கும்பாங்க. எனக்கு அது இருந்தாதான் உசிரு. யாரோ ஒரு வாண்டு வாசலுக்கு ஓடி வந்து எடுத்திருக்குல்ல?

நம்பர் இருக்கு, அது எங்க வீட்டு நம்பர்தான், அந்த வாண்டு நான்தான்னு பதில் வந்துது. கீழ ஒரு வரி: "எங்க வீட்டையே வித்தப்பகூட யாரும் இவ்ளோ கேள்வி கேக்கலை."

சதுரமா ஒரு ஓட்டை

பார்சல் வந்த சனிக்கிழமையே கடைக்கு ஓடினேன். அங்கிள் கையை ரெண்டு தடவை துடைச்சுட்டு, ஒவ்வொரு கட்டமா தமிழ்ல படிச்சுக் காட்டினார். ஆன்ட்டி ரைஸ் மூட்டை மேல உக்காந்து, கேக்காத மாதிரி கேட்டாங்க. தங்கச்சி தன் கம்பளிக் கோட்டைக் கிழிச்சு எண்ணெய்ல முக்கிக் கொளுத்தறா. அப்பா தொலைநோக்கியை எடுக்கறார். அடுத்தது கடைசிக் கட்டம்... சதுரமா ஒரு ஓட்டை. அதுக்குள்ள அங்கிளோட கட்டைவிரல் தெரிஞ்சுது. பின்பக்கம் வாசகர் கிளப்ல சேர ஒரு கூப்பன் இருந்திருக்கு, வெட்டிட்டாங்க. இத்தனை கேட்ட நான் அதைக் கேக்கலை.

அங்கிள் ஓட்டையையே பார்த்துட்டிருந்தார். அந்தக் கட்டத்துல என்னதான் இருந்துதுன்னு வித்தவருக்கு எழுதினேன். பதில்: "கிளப்ல சேர்ற அவசரத்துல படிக்காமலே வெட்டிட்டேன். கப்பல் என்னாச்சுன்னு தெரிஞ்சா எனக்கும் ஒரு வரி எழுதுங்க."

அதை பிரிண்ட் எடுத்து கடைல காட்டினேன். அங்கிள் சிரிச்சுட்டு, போதும்மா, விடுன்னார். ஆன்ட்டி விடலை: "ஏன் விடணும்? அந்தப் பொண்ணு போட்டிருந்த கம்பளிக் கோட்டையே கொளுத்தியிருக்கு. இன்னொண்ணு தேடும்மா, இந்தத் தடவை வீட்டுல கத்தரிக்கோல் இல்லாத ஆளாப் பாரு."

ஒரே ஒரு கஸ்டமரோட ஆரம்பிச்சேன், இப்ப அந்தக் கப்பலுக்காக டெக்சாஸ்லயும் இங்கிலாந்துலயுமா நாலு பேர் காத்துட்டிருக்கோம், இதைத்தான் ஆபீஸ்ல வளர்ச்சிங்கறாங்க.