கால் பட்ட தலைக்கவசம்

லதீசனின் ராசியைப் பாருங்கள். லண்டன் அருங்காட்சியகம் ஒன்றில் வருடக்கணக்காகத் தற்காலிக ஆளாய்ப் பெட்டி தூக்கியவன். இஸ்லாமிய ஆயுதக் கண்காட்சி முடிந்ததும் வேலை நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள். அந்த நேரம் பார்த்தா அவன் கால் தலைக்கவசத்தில் படவேண்டும்?

பாரசீகத்து உருக்கு அது. உருக்கில் கோடு கீறி, அதற்குள் பொன் கம்பியை அடித்து இறக்கியிருந்தார்கள். விளிம்பைச் சுற்றித் திருக்குர்ஆன் வசனம், மேலே கொடியும் பூவும். வெட்டு வாங்கப் போகிற இரும்புக்கு இவ்வளவு சோடனையா என்று லதீசன் வாய் பிளப்பான். ஈழப்போரின் ஷெல்லடிக் காலத்தில் பங்கர் குழிக்குள் அவன் தலைக்கு மேல் பிடித்திருந்தது வெறும் தலையணை.

அன்று அதைத் தரையில் மெத்தைத் தட்டில் வைத்துவிட்டு, அழுக்கான கையுறையைக் கழற்றியபடி திரும்பினான். காலில் கிடந்த சப்பாத்தின் முனை அதில் முட்டியது. ஐயோ, கடவுளின் பெயர் எழுதியதில் கால்! குனிந்து வெறும் விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். யோசிப்பதற்குள் கை காரியத்தை முடித்துவிட்டது. வேர்வை பட்ட உருக்கு சும்மா இருக்குமா? சில நாளில் பழுப்பாக விரல் அடையாளம் எழும்பியது.

கமராவில் கால் பட்டது மறைந்துவிட்டது, தொட்டது மட்டும் தெரிந்தது. ஆசையில் தடவியிருக்கிறான் என்றார் மேலாளர். லதீசன் நடந்ததைச் சொன்னான். மேலாளர் சிவமலர் பக்கம் திரும்பினார். அவள் அவனுடைய சுப்பர்வைசர், யாழ்ப்பாணத்துக்காரி, "தம்பி, தம்பி" என்று உருகுகிறவள்.

"உங்கள் ஆட்களிடம் அப்படியொரு வழக்கம் இருக்கிறதா?"

இருக்கிறது என்றால் எச்சரிக்கையோடு போய்விடும். இல்லையென்றால் அவன் பொய்யன், வேலை போகும். அது அவளுக்கும் தெரியும்.

"நான் கேள்விப்பட்டதில்லை" என்றாள், நல்ல ஆங்கிலத்தில். வெள்ளைக்காரருக்கு முன்னால் தானும் பட்டிக்காடாகிவிடுவோமோ என்ற வெட்கம். சீ, இதுவும் ஒரு வெட்கமா! லதீசன் அன்றே அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்தான்.

பிறகொரு நாள் லூயிஷாம் சிவன் கோயிலில் மத்தியான அன்னதானம். லதீசன் பந்தியில் சம்மணம் கட்டியிருந்தான். நெரிசலில் பருப்புக்கறி வாளியோடு வந்த ஒரு பெண்ணின் கால் அவன் முழங்காலில் இடித்தது. ஆளைப் பாராமலே அவள் வாளியைக் கீழே வைத்து, குனிந்து, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சிவமலர்.

"இது என்ன பழக்கம், அக்கா?" என்றான் லதீசன். "நீங்கள் கேள்விப்படாத விசயமெல்லோ?"

அவள் அவன் தட்டில் ஓர் அகப்பை கூடவாகக் கறியை ஊற்றிவிட்டு அடுத்த ஆளிடம் போனாள்.