சுடுதண்ணியின் காது

சலவை மெஷினைப் பழுது பார்ப்பதில் சுடுதண்ணியை மிஞ்ச ஆள் கிடையாது, வாயைத் திறக்காதவரை. திறந்தால் கையில் இருக்கும் வேலையும் போகும், வரவிருந்ததும் போகும். அதனால்தான் கடையில் அவனுக்கு அந்தப் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும் உயிரோடிருந்தது.

"பெல்ட் மாத்தி ஒரு மாசம்கூட ஆகல, மறுபடி சத்தம் போடுதே" என்று ஒரு வீட்டுக்காரி கேட்டால் போதும்.

"நீங்க துணி தோய்க்கிறீங்களா, செங்கல் தோய்க்கிறீங்களா?" என்பான்.

ஒரு தலைமையாசிரியையிடம், "மெஷினுக்கு வாய் இருந்தா உங்க மேல புகார் கொடுக்கும்" என்றான். புகாரை அந்த அம்மாதான் கொடுத்தார்.

இவனிடம் ஸ்பேனர் பிடிக்கக் கற்றவனெல்லாம் வேறு கடைகளில் தலைமை மெக்கானிக் ஆகிவிட்டான். இவன் பதினோரு வருடமாக அதே பையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தான். ஏன் என்று கேட்டால், "எனக்குக் காக்கா பிடிக்க வராது" என்பான். காக்கா கிடக்கட்டும், அவனுக்கு மனுஷனையே பிடிக்க வராது.

ஒருநாள் முதலாளி கூப்பிட்டார்.

"யோவ், அந்த முட்டுச்சந்து வீட்டு மெஷின் பாதியிலேயே நின்னு போகுதாம். மூணு பேரை அனுப்பியாச்சு. மோட்டாரை மாத்தியாச்சு, போர்டை மாத்தியாச்சு. இன்னும் அந்தம்மாவைத்தான் மாத்தல. நாளைக்கு நீ போ. உன் வாயைப் பத்தி ஒரு போன் வந்துச்சுன்னா, பையை வெச்சிட்டு வீட்டுக்கு நடையைக் கட்டு. சரி பண்ணிட்டு வந்தா, தலைமை மெக்கானிக் நாற்காலி காலியாத்தான் கிடக்கு."

சாயங்காலம் அவன் வீட்டில் குதித்தான். "நான் என்ன கோவக்காரனா?"

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். "யார் சொன்னா? எல்லாத்துக்குமா கோவப்படுறீங்க? உங்களுக்குத் தெரியாத விஷயம் வந்தா மட்டும்தான்."

"எனக்குத் தெரியாத விஷயமா? எது?"

"இதோ, காது செவந்துடுச்சு."

"என்ன காது?"

"போன வாரம் பொண்ணு பின்னக் கணக்கு கேட்டா. காது மொளகாப்பழம் ஆச்சு, அப்புறம் வாத்தியாரைத் திட்டினீங்க. கல்யாணமான புதுசுல எந்த பஸ்ல போகணும்னு கேட்டேன். டிரைவரைத் திட்டினீங்க. தெரியலைன்னு ஒரு வார்த்தை உங்க வாயில வந்து நான் கேட்டதே இல்லீங்க."

அவன் கண்ணாடி முன்னால் போய் நின்றான். ஆம்பளைகள் கண்ணாடியில் மீசையைத்தான் பார்ப்பார்கள், காதைப் பார்த்தவன் எவன்? இரண்டும் பழுத்துத் தொங்கின. அவள் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

மறுநாள் மதியம் அந்த வீட்டில் மெஷினின் முதுகைக் கழற்றிப் பார்த்தான். மோட்டார் புதுசு, போர்டு புதுசு, வயர் எல்லாம் ஒழுங்கு. வீட்டுக்கார அம்மா இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"நாலாவது ஆளா வந்திருக்கே. நீயாவது விஷயம் தெரிஞ்சவனா, இல்ல பை மட்டும்தான் பெருசா?"

நல்ல சூடான பதில் ஒன்று பல்வரைக்கும் வந்துவிட்டது. ஏதோ தோன்றிக் காதைத் தொட்டுப் பார்த்தான். இஸ்திரிப் பெட்டியாகக் கொதித்தது. அப்போ நமக்குத் தெரியலையா? நிஜமாகவே தெரியவில்லை.

"தெரியலம்மா" என்றான். துருப்பிடித்த திருகாணி மாதிரி தொண்டையிலிருந்து வந்தது.

அந்த அம்மா சண்டைக்குத் தயாராக நின்றவள். சண்டை வராமல் போனதும் கையை என்ன செய்வதென்று புரியாமல் ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டாள். "எவ்வளவு நேரம்தான் குனிஞ்சிருப்பே, உக்காருப்பா."

"ஒரு தடவை முழுசா ஓட விட்டுப் பாக்கிறேன். நீங்க உள்ள போய் உங்க வேலையைப் பாருங்கம்மா."

கதவுக்குப் பின்னால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தான். முன்னால் வந்த மூவரும் பேசித் தீர்த்தார்களே தவிர, எவனும் இப்படிச் சும்மா இருந்து பார்க்கவில்லை. மெஷின் துவைத்தது. பிறகு துணி பிழியச் சுற்ற ஆரம்பித்து, பேய் பிடித்ததுபோல் சுவரில் இடித்து ஆடியது.

பக்கத்து அறைக் கதவு மெல்லத் திறந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வீட்டுக்காரர், பனியனோடு, பூனை நடை நடந்து வந்தார். சுவர் சுவிட்சை அணைத்தார். மெஷின் நின்றதும் சுவிட்சை மறுபடி போட்டுவிட்டுத் திரும்பினார். திரும்பிய இடத்தில் சுடுதண்ணி உட்கார்ந்திருந்தான்.

"தம்பி..." என்றார், குரலே இல்லாமல். "சாப்பிட்டதும் ஒரு குட்டித் தூக்கம்பா. இந்தச் சனியன் சுத்துறப்ப என் கட்டில் நடக்குது. அவகிட்ட சொல்லிடாதே. மோட்டார் வரைக்கும் மாத்திட்டா. தெரிஞ்சா என்னை உள்ள போட்டு சுத்திடுவா."

பழைய சுடுதண்ணியாக இருந்தால் தெருவையே கூட்டியிருப்பான். காதைத் தொட்டான், சூடில்லை. விஷயம் தெரிந்துவிட்டால் கத்துவதற்கு ஒன்றுமே இருப்பதில்லை என்று அந்த ஸ்டூலில்தான் அவனுக்கு உறைத்தது.

"போய்ப் படுங்க ஐயா" என்றான்.

மெஷினைச் சுவரிலிருந்து நகர்த்தி, கால்களைச் சமமாகத் திருகி, கீழே கனமான ரப்பர் வைத்தான். மறுபடி ஓட விட்டான். கிசுகிசுவென்று சுற்றியது.

"என்னப்பா கோளாறு?" என்று வந்தாள் அந்த அம்மா.

"சத்தம்தாம்மா. சத்தம் போயிடுச்சு, இனிமே நிக்காது."

இதில் எந்த வார்த்தை பொய்?

கடைக்குத் திரும்பியதும், "போன் வந்துச்சுய்யா" என்றார் முதலாளி. அவன் பையை மேஜைமேல் வைத்துவிட்டு வாசலைப் பார்த்தான்.

"எங்கய்யா போறே? இந்தத் தங்கமான புள்ளையை இத்தனை நாளா எங்க ஒளிச்சு வெச்சிருந்தேன்னு அந்தம்மா என்னைத் திட்டுது. ஆமா, என்னதான்யா கோளாறு?"

சுடுதண்ணி கூரையைப் பார்த்தான். "தெரியல முதலாளி."

முதலாளி கையிலிருந்த பேனா விழுந்தது. "ஏய், எல்லாரும் வாங்கடா! சுடுதண்ணி தெரியலைங்கறான்!" அப்புறம் காலி நாற்காலியை அவன் பக்கம் தள்ளினார். "நாளையிலேர்ந்து இதுல உக்காரு. மூணு பேரும் தெரியும் தெரியும்னு சொல்லித்தான் நல்ல மோட்டாரைக் கழட்டிப் போட்டானுங்க."

வீட்டில் நாற்காலிக் கதையைக் கேட்டு மனைவி சிரித்தாள். "அது சரி, அந்த மெஷின் ஏங்க நின்னுச்சு?"

"தெரியல."

அவள் கிட்டே வந்து அவன் காதைப் பிடித்துப் பார்த்தாள்.

"பச்சத்தண்ணியா சில்லுனு இருக்கு. உங்களுக்கு நல்லாத் தெரியும். சொல்லுங்க."

"யார்கிட்டயும் சொல்லக் கூடாது" என்று ஆரம்பித்தான்.